பின்சீட்டுப் பாரம்

மண்ணை விட்டு எழும்பும் நாள் ஒரு வம்சத்துக்கு ஒரே ஒருமுறைதான் வாய்க்கும் என்று பல் டாக்டர் தன்னிடம் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வந்தார். "நல்லா திறங்க. இன்னும்," என்று வாய்க்குள் கருவியை விட்ட பிறகுதான் பேச்சைத் தொடங்குவார் என்பதால் யாரும் மறுத்ததில்லை. வாய்த்த நாளும் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. இறக்கையை மயிரிழை பிசகாமல் அளந்து செய்தவர், விமானத்தைக் கட்டிய கார் கொட்டகையின் வாசலை அளக்க மறந்திருந்தார். சுவரை இடித்துத்தான் அதை வெளியே இழுத்தார்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டுகள், ஆளுக்கொரு கண்ணாடி மூடி. முன்னால் அவர். சோதனைகள் முடிந்ததும் பின்னால் அவர் மனைவி.

"அந்தப் பொந்துல நான் ஏறணும்னா, முதல்ல வேற யாராச்சும் உக்காந்து பார்க்கட்டும்," என்று அவள் சமையலறையிலிருந்தே சொல்லிவிட்டாள்.

முதல் முறை, கைவிடப்பட்ட ஓடுபாதைக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கினார். இறங்கியதும் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். மனைவியின் தம்பி ஓடிவந்து மூடியைத் திறந்து சல்யூட் வைத்தான். அது அத்தானின் உத்தரவு.

சல்யூட் வைத்த கையை இறக்காமலே அவன் பின்சீட்டைப் பார்த்தான்.

"அத்தான், இந்த பெல்ட்டை நீங்களா தளர்த்துனீங்க?"

காற்றில் படபடக்கக் கூடாது என்று காலி சீட்டின் பெல்ட்டை இருக்கையோடு ஒட்ட இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. பட்டை மட்டும் ஓர் ஆளின் இடுப்பளவுக்குத் தளர்ந்திருந்தது.

"அதிர்வுலடா. எல்லாத்துக்கும் ஒரு இயற்பியல் இருக்கு."

இரண்டாம் முறை இயற்பியல் அவரைக் கைவிட்டது. வால் கனத்தது. பின்னால் யாரோ சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்ததுபோல விமானத்தின் மூக்கு தானாக மேலே தூக்கிக்கொண்டே போக, கை கடுக்கும்வரை கைப்பிடியை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். சூடேறிய பெட்ரோல் வாடைக்கும் புது வார்னிஷ் வாடைக்கும் அடியில் இன்னொரு வாடை மெல்லக் கிளம்பியது. அவர் நன்கு அறிந்த வாடை. நாள்பட்ட ஈறின் வாடை. பின்சீட்டிலும் ஒரு ஹெட்போன் இருந்தது. அதன் மைக்கில் யாராவது குரல் கொடுத்தால்தான் அது இவர் காதுக்கு வரும். எஞ்சின் இரைச்சலின் நடுவே அது 'க்ளிக்' என்று விழித்துக்கொண்டது. மூச்சு உள்ளே போயிற்று. வெளியே வந்தது. மூக்கால் அல்ல. ஆயுள் முழுக்க அவர் குனிந்து நின்று கேட்ட சத்தம் அது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆளின் மூச்சு.

இறங்கியதும் வால் கனக்கிறது என்று மட்டும் சொன்னார். அந்த மூச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு பறக்கப்போவதாக ஊரிலுள்ள வாய்களுக்குள் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"அடுத்த தடவை பின்னால ஒரு மணல் மூட்டையைக் கட்டு," என்றார்.

"வால் கனக்குதுன்னீங்களே அத்தான். அதுக்கு மேல மூட்டையுமா?"

"நீ ஏரோப்ளேன் கட்டியிருக்கியா?"

"இல்ல. சுவர்தான் இடிச்சேன்."

"அப்ப சொன்னதைச் செய்."

கணக்கு தவறு என்பது அவருக்கும் தெரியும். அந்த இடத்தில் தனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் முறை, வெயில் சாய்ந்திருந்தது. ஓடுபாதை விரிசல்களில் காய்ந்த புல் உரசிக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. மச்சினன் அவர் தோள் பெல்ட்டுகளை இறுக்கி, ஹெட்போனை மாட்டிவிட்டு, முன்மூடியை மூடினான். பிறகு காரை நோக்கிப் போனான். டாக்டர் அளவுமானிகளின் முட்களையும் எண்களையும் கண்டிப்புடன் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் எதுவோ தொப்பென்று அமர்ந்தது. விமானம் வாலில் அமுங்கியது. பின்மூடி அடைபட்டது.

"மூட்டையை ஏத்தியாச்சா?"

"ஏறியாச்சு," என்றது ஹெட்போன்.

ஏத்தியாச்சு என்று சொல்லத் தெரியவில்லை பார், மூட்டை தானாகவா ஏறும் என்று அலுத்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினார்.

வேகம் பிடித்தது. விமானத்தின் மரச்சட்டங்கள் நடுங்கின. சக்கரம் தரையை விட்ட நொடியில் இடப்பக்கம் கார் கடந்து போயிற்று. காரின் டிக்கி திறந்திருந்தது. பக்கத்தில் மச்சினன். தோளில் மணல் மூட்டை. இன்னொரு கையை வீசி வீசி எதையோ கத்திக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்க்கத் தோள் பெல்ட்டுகள் விடவில்லை. விட்டிருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்.

க்ளிக்.

மூச்சு.

ஒரே ஒரு வட்டம். மூக்கு மேலே தூக்கியது. தள்ளினார். தூக்கியது. தள்ளினார். பிடரியில் ஈரம். பல்லோடு பல் மெல்ல உரசும் சத்தம். கீழே ஓடுபாதை, நாடா அகலத்துக்கு. இறங்கினார். குதித்தது. மறுபடி குதித்தது. நின்றது.

எஞ்சினை அணைத்தார். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.

மூச்சு நிற்கவில்லை.

மச்சினன் ஓடிவந்தான். மூடிமேல் கை வைத்தான். வைத்தவன், அவர் தலைக்குப் பின்னால் பார்த்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது. கையை எடுத்துக்கொண்டான். ஓர் அடி பின்வாங்கினான். இன்னும் ஓர் அடி.

"டேய்! திறடா! திற!"

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எதுவும் கேட்கவில்லை. அவன் பின்வாங்கிப் போய்க்கொண்டே இருந்தான்.

குளிர்ந்த விரல்கள் இரண்டு, இருபுறமிருந்தும் வந்து, டாக்டரின் தாடையை இதமாகப் பிடித்தன. பழகிய பிடி.

"நல்லா திறங்க," என்றது காதோரம். "இன்னும்."

அவர் கை மூடியின் விளிம்பு முழுக்கத் தடவித் தடவித் தேடியது.

வெளியிலிருந்து ஒருவர் வந்து திறந்துவிடுவதுதான் மரியாதை என்று, உள்பக்கம் அவர் கொக்கி வைக்கவில்லை.