முகம் பார்த்துத் திருப்பவும்

எட்டு என்று சொன்ன பிறகு ஒரு மூச்சு நேரம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அப்புறம்தான் பத்து. நீச்சல் கிளப்பின் சனிக்கிழமைக் குழு தண்ணீரில் நின்று எண் சொல்லும்போது மூன்று வருடமாக அதுதான் வழக்கம். அந்தச் சாயங்காலம் அந்த இடைவெளி விழவில்லை.

"எட்டு," என்றார் மருதமுத்து.

"ஒம்போது," என்றது ஒரு குரல்.

"பத்து," என்றான் விமலன், கொஞ்சம் தடுமாறி. எண்கள் அங்கும் இங்கும் தாவி, கடைசியில் முதல் தடத்தின் மூலைக்கு வந்தன. "பதினஞ்சு," என்று அகல்யா முடித்தாள்.

தகட்டுப் பலகைக்கு முன்னால் நின்றிருந்த மோகனா தண்ணீருக்கு மேல் தெரிந்த தலைகளை எண்ணினாள். சனிக்கிழமைக் குழுவில் இருப்பதே பதினாலு பேர். பதினாலு பேரும் இன்று தண்ணீரில் இருந்தார்கள். குரல் மட்டும் பதினைந்து.

"யாருலா அது, ஒம்போது சொன்னது?" காளிதாஸ் குளக்கரையில் நின்றபடியே கத்தினார். நாற்பது ஆண்டாக நடக்கும் அந்த கிளப்பில் இருபது ஆண்டாக அவர்தான் கோச். "செத்தவங்க நம்பர வச்சு விளையாட்டா? சின்னப் பிள்ளைங்களா நீங்க?"

நான்காம் தடத்தில் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் குறும்பு இல்லை.

ஜாசின் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில், வெள்ளைக்கார மானேஜர்கள் குளிப்பதற்குக் கட்டிய குளம் அது. அவர்கள் போன பிறகு பாசி பிடித்துக் கிடந்ததைத் தோட்டத்து ஆட்களே இறங்கிச் சுரண்டி, எல்லாரும் நீந்தலாம் என்று பெயர்ப்பலகை மாட்டி கிளப் ஆக்கினார்கள். விளிம்பை விடப் பயப்படுகிறவர்களுக்கு முதல் தடம். மெதுவாக நீந்துகிறவர்களுக்கு இரண்டும் மூன்றும். நான்காம் தடம் பதக்கம் வாங்குகிறவர்களுக்கு. ஆளுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு தகரத் தகடு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. தண்ணீரில் இறங்கினால் சிவப்பு, ஏறினால் வெள்ளை. பலகைக்கு மேலே பெயிண்டில் எழுதியிருந்தது, முகம் பார்த்துத் திருப்பவும்.

ஆள் ஏறி வந்து, பலகை பார்க்கிறவரிடம் முகத்தைக் காட்ட வேண்டும். காட்டினால்தான் தகட்டை வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். பலகை முழுக்க வெள்ளையானால் காளிதாஸ் விளக்கை அணைத்துக் கேட்டைப் பூட்டுவார். வெள்ளைத் தகட்டுக்கு உரியவரை யாரும் தண்ணீரில் தேடமாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே போல ஒரு சனிக்கிழமை. இடி. எல்லாரும் தலையில் டவலைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கூரைக்கடியில் பலகை பார்த்து நின்ற மோகனா டவல்களை எண்ணினாள். எண்ணிக்கை சரியாக வந்தது. பிள்ளையை அழைத்துப்போக வந்து, மழைக்கு டவல் போர்த்தியிருந்த யாரோ ஒரு தாயையும் சேர்த்து எண்ணிவிட்டது அவளுக்குத் தெரியாது. எல்லாத் தகட்டையும் திருப்பினாள். ஒன்பதாம் எண்ணான முனியம்மாவை மறுநாள் காலையில் தோட்டக்காரர் பிணமாகப் பார்த்தார். முதல் தடத்தின் மூலையில், விளிம்புக்கு ஒரு முழம் கீழே.

"நான் என் கண்ணால பாத்தேன், முனியம்மாக்கா ஏறிட்டாங்க," என்று மோகனா கமிட்டியிடம் சொன்னாள். பயத்தில் வந்த வார்த்தை. "திரும்ப எதுக்கோ இறங்கியிருக்கணும்." ஒரே வாரத்தில் ஊர் அதை அழகாக முடித்துவைத்தது. கிழவி தோடு தொலைத்துவிட்டு, அதைத் தேட இறங்கினாளாம். அன்று பஸ் ஸ்டாப்பில் மனைவி முனியம்மாவுக்காகக் காத்து நின்ற மருதமுத்து மட்டும் அந்தக் கதையை ஒருநாளும் திருப்பிச் சொல்லவில்லை. அறுபத்திரண்டு வயதில் வந்து கிளப்பில் சேர்ந்தார். எட்டாம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்பதை யாருக்கும் கொடுக்கக்கூடாது, தகட்டையும் எடுக்கக்கூடாது என்றார். சனிக்கிழமைதோறும் வந்து, மூழ்கி, கண்ணைத் திறந்து தரையைப் பார்ப்பார். மோகனாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்களும் அவளிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அவள் சொன்னதை நம்பினார்களா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. பலகையை விட்டு விலகினால் ஊர் வேறு மாதிரி பேசும் என்றுதான் நின்றுகொண்டிருந்தாள். மகள் அகல்யா நீந்தக் கேட்டபோதும் அதனால்தான் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. பதின்மூன்று வயதில் முனியம்மாவின் உயரம் வந்துவிட்ட பெண், இன்னும் விளிம்பை விடப் பயந்தாள்.

"இன்னொரு தடவ," என்று காளிதாஸ் விசிலை ஊதினார். "ஒழுங்கா சொல்லுங்க. கணக்கு ஒத்துவராம ஒருத்தரும் ஏறக்கூடாது."

செம்பனைகளுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. தண்ணீர் வடிகாலில் சளப்சளப்பென்று விழும் ஓசையும், விளக்குக் கம்பத்தில் ஏதோ ஒன்று சிணுங்கும் ஓசையும், தூரத்து சூராவில் தொழுகை அழைப்புக்கு மைக்கைத் தட்டிப் பார்க்கும் ஓசையும் தனித்தனியாகக் கேட்டன. குளோரின் நெடியோடு வேறொரு வாசனையும் வந்தது. மோகனா மூக்கைச் சுளித்தாள். பிறகு அடையாளம் தெரிந்தது.

தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெயோடு இறங்கக்கூடாது என்று கிளப்பில் விதி. எத்தனை முறை திட்டினாலும் கேட்காத ஒரே ஆள் முனியம்மாதான். அவள் நிற்கும் மூலையில் மட்டும் தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்து பளபளக்கும்.

இப்போதும் பளபளத்தது. அகல்யாவின் தோளைச் சுற்றி.

"ஆறு." "ஏழு." "எட்டு."

"ஒம்போது."

இந்த முறை மோகனா வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வாயும் அசையவில்லை. கொஞ்சம் கரகரத்த, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுகிற மாதிரியான குரல். முதல் தடத்திலிருந்து வந்தது. மருதமுத்துவுக்கும் அகல்யாவுக்கும் நடுவிலிருந்து.

"அம்மா," என்றாள் அகல்யா. "நான் ஏறவா? இங்க தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கு."

"ஏறாத," என்றார் காளிதாஸ். "கணக்கு சரியாகட்டும்."

"கோச், அவ பயப்படுறா."

"எல்லாருந்தான் பயப்படுறாங்க. ஒன் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா?" காளிதாஸ் அவளைப் பார்த்த பார்வையில் மூன்று வருடத்து வெறுப்பும் இருந்தது. "கணக்கப் பாக்காம ஏத்திவிட்டு ஒரு தடவ பட்டது பத்தாதா?"

மோகனா பலகைப் பக்கம் திரும்பினாள். ஒன்பதாம் தகடு சிவப்பாக இருந்தது.

மூன்று வருடமாக வெள்ளையாகத் தொங்கிய தகடு. காற்றே இல்லை. பலகைக்குப் பக்கத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி, சிமெண்டில் விழுந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு பரவியது.

மருதமுத்து விளிம்பைப் பிடித்தபடியே நகர்ந்து பலகைக்கு நேர் கீழே வந்தார். தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். முதல் முறையாகப் பேசினார்.

"அது அவ குரல்."

பின்வாங்கிய மோகனாவின் முதுகு பலகையில் முட்டியது.

"ஒன்ன ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. "அன்னிக்கு அவ ஏறினத நீ பாத்தியா? இல்லன்னா இல்லன்னு சொல்லு. நான் ஒன்ன ஒன்னும் செய்யமாட்டேன். அவளும் செய்யமாட்டா."

சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. இல்லைண்ணே, நான் பார்க்கவில்லை, டவலை எண்ணினேன். ஒரு நொடி வேலை. ஆனால் தண்ணீரிலிருந்து பதினாலு முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று அவள் மகளின் முகம். அம்மா பொய் சொன்னவள் என்று அந்த முகம் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

"பாத்தேன்ணே," என்றாள். "ஏறினத என் கண்ணால பாத்தேன்."

மருதமுத்து ஒன்பதாம் தகட்டை நிமிர்ந்து பார்த்தார். "சரி," என்று சொல்லிவிட்டு விலகிப் போனார்.

அப்போது இடி விழுந்தது. தோட்டத்துக்கு வெகு பக்கத்தில். விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன. மழை ஒரேயடியாகக் கொட்டியது. குளத்தின் மேல் எதுவும் தெரியாதபடி வெள்ளையாகக் கொட்டியது.

"ஏறுங்க," என்று மோகனா அலறினாள். காளிதாஸ் என்ன சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. "கணக்கெல்லாம் மேல பாத்துக்கலாம். ஏறுங்க எல்லாரும். அகல்யா, ஏறுமா."

ஏறினார்கள். படியில் முட்டிக்கொண்டு, விளிம்பில் கை ஊன்றி, கம்பியில் கிடந்த டவல்களை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே இருந்த உடைமாற்றும் கொட்டகைக்கு ஓடினார்கள். மழை இரைச்சலில் அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று. அகல்யாவின் நீலப் பூப்போட்ட டவல் படியேறி வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. கடைசியாக மருதமுத்து. பதினாலு.

பதினாலு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் நீல டவலை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இடது கை பிள்ளையின் முதுகைச் சுற்றியிருக்க, வலது கையால் படபடவென்று தகடுகளைத் திருப்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று. சிவப்பாக இருந்த எல்லாவற்றையும். பதினைந்து வரை.

"போர்டு வெள்ளையா?" ஸ்விட்ச் அறையிலிருந்து காளிதாஸ் கத்தினார்.

"வெள்ளைதான் கோச்."

மருதமுத்து ஓடவில்லை. மழையில் நனைந்துகொண்டு இரண்டடி தள்ளி நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து டவலுக்குள் இருந்த முகம் தெரிந்திருக்க வேண்டும். அதையே பார்த்தார். மோகனாவை ஒருமுறை பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் கொட்டகைக்கு நடந்தார்.

விளக்கு அணைந்தது.

"குளிருதாமா?" மோகனா டவலின் மேல் தேய்த்துவிட்டாள். "வீட்டுக்குப் போய்டலாம். இனிமே இங்க வர வேணாம். அம்மா வரமாட்டேன். நீயும் வராத."

டவலுக்கடியில் உடம்பு சூடாகவே இல்லை. எவ்வளவு தேய்த்தும்.

பதினைந்து தகடு திருப்பினோமே. பதினாலு பேருக்கு.

அந்த நினைப்பு மெதுவாகத்தான் வந்தது. வாசனை அதற்கு முன்னால் வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய். கன்னத்துக்கு வெகு பக்கத்தில்.

குளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மழைக்கு நடுவில். சின்னதாக. விளிம்புக்குக் கீழேயிருந்து.

"பதினஞ்சு."

மோகனா திமிறினாள். அணைத்திருந்த உடம்பு அசையவில்லை. டவலுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஊறி, வெளுத்து, தோல் கழன்ற விரல்கள். ஐந்தும் இறுகின.

"பதினஞ்சு. அம்மா, பதினஞ்சு."

"அகல்யா," என்று கத்தினாள். கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "கோச், பிள்ள உள்ள இருக்கா, பிள்ள தண்ணியில இருக்கா..." தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கேட்டின் சங்கிலி மட்டும் கேட்டது. பூட்டு விழும் ஓசையும்.

டவல் அவள் தோளில் சாய்ந்தது. கரகரத்த குரல் காதோரம், ஆறுதல் சொல்கிற மாதிரி, பொறுமையாகப் பேசியது.

"யாரத் தேடுற மோகனா? அவதான் ஏறிட்டாளே. நீதான் ஒன் கண்ணால பாத்தியே."

மின்னல். ஒரே ஒரு முறை. பலகையில் பதினைந்து தகடும் வெள்ளை. முதல் தடத்தின் மூலையில் நாலு சின்ன விரல்கள் விளிம்பைப் பிடித்திருந்தன.

பிறகு மூன்று.