இலை போடாத விருந்தாளி

டமாரென்று சட்டி வெடித்தது.

செல்வம்மாள் அடுப்படிக்கு ஓடினாள். மடவை மீன் குழம்பு தரையெல்லாம் பரவிக் கிடந்தது. அதன் நடுவே, ஈரத் தலைமயிரில் சுற்றிய அழுகிய மீன்குடல். அதற்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அமாவாசையிலிருந்து இதே கூத்துதான். தோணிரேவுக் குப்பத்தில் இந்த ஒரு வீட்டில் மட்டும், எதைச் சமைத்தாலும் அதில் அசிங்கம் விழுந்தது. ஒரு குட்டிப் பிசாசின் வேலை என்று குப்பமே சொன்னது. புருஷன் தேசப்பன் பட்டினியில் வற்றிப்போய்ப் பாயில் கிடந்தான். இன்றைக்கு ஒரு பிடி சோறாவது உள்ளே போகாவிட்டால் தாங்கமாட்டான் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சோற்றுப் பானை மட்டும் தப்பியிருந்தது. ஒரே பிடி, வெள்ளையாக, சுத்தமாக. அதை இலையில் இட்டுப் புருஷன் முன் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பூபதி வந்தார். பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தா துரைக்கு, அதாவது டச்சுக்கார அதிகாரிக்கு, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அவர். மீனவர்களைப் பாடாய்ப் படுத்தும் அந்தக் குட்டிப் பிசாசுக்கு ஏன் அப்படி ஒரு பெயர் வந்தது என்று துரை கேட்டாராம். பூபதியே ஓர் அர்த்தம் யோசித்து வைத்திருந்தார். சரிதானா என்று கேட்டுப் போக வந்தார்.

“எல போட்டுருக்கேன், அய்யா. இப்போ அது பேர சொல்லாதீங்க.”

குப்பத்து வழக்கம் அது. இலை போட்டபின் யார் பெயரைச் சொன்னாலும் அவர் விருந்தாளி. அவருக்கும் ஓர் இலை போடவேண்டும். போடாவிட்டால், போட்ட இலையிலேயே அவருக்குப் பங்கு உண்டு.

பூபதி மூக்கைப் பிடித்தபடியே சிரித்தார். “இதுல இன்னாம்மா பயம்? குறள்னா குள்ளம். குள்ளமா இருக்கறதால குறளி. அவ்ளோதான்.”

சொல்லிவிட்டு, நாற்றம் தாங்காமல் கிளம்பிவிட்டார்.

செல்வம்மாள் பானையைத் துழாவினாள். இன்னோர் இலைக்கு ஒரு பருக்கை இல்லை. இருக்கும் ஒரு பிடியைப் பிரிக்க மனம் வரவில்லை. புருஷன் பிழைக்கட்டும்.

தேசப்பன் தின்றான். இலையை நக்கினான்.

பிறகு தவழ்ந்தான்.

அடுப்படிக்கு.

சிதறிக் கிடந்த குடலை மயிரோடு அள்ளி வாயில் திணித்தான். புழுக்கள் பல்லில் நசுங்கும் சத்தம் கேட்டது. கடைவாயில் பழுப்பு நீர் வழிந்தது. முதுகோடு ஒட்டிக் கிடந்த வயிறு மெல்ல உப்பி, ஒரு பக்கமாகப் புரண்டு படுத்தது.

செல்வம்மாள் வாசல் பக்கம் பின்வாங்கினாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். உதடு அசையவில்லை. பேச்சு தொப்புளுக்குக் கீழிருந்து வந்தது.

“அந்தாளு சொன்னது பொய்யி, செல்வம்மா. நாங்க குள்ளம் இல்ல. உள்ள எடம் பத்தாம குனிஞ்சி குந்திகினு இருக்கோம்.”