நாற்பதாவது மூட்டை

களத்துக்காரர் முதலில் கவனித்தது சூட்டைத்தான்.

மூன்று நாளாக விடாத மழை. கொட்டகையின் தகரம், தரை, வாளி, இலை கிளறும் கம்பு என்று எதைத் தொட்டாலும் சில்லென்றிருந்தது. முந்தின நாள் தைத்து அடுக்கிய மூட்டை ஒன்று மட்டும் காய்ச்சல் கண்டவரின் நெற்றியைப் போலச் சுட்டது. வைத்த கையை எடுத்துக்கொண்டார். துடைக்க எதுவுமில்லை என்றாலும் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மூட்டைக்குள் இருந்தது ஆடாதோடை இலை. ஆடுகூட வாய் வைக்காத கசப்பு. ஆனால் நெஞ்சுச்சளிக்கும் மூச்சிரைப்புக்கும் மருந்து காய்ச்சுகிற கம்பெனி, முதலாளியம்மாவின் ஒன்பது ஏக்கர் விளைச்சலையும் ஒரே பேச்சாகப் பேசி எடுத்துக்கொண்டது. நிழலில் காய வைக்க வேண்டிய இலை. வெயில் பட்டால் சத்து போய்விடும், ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததா இல்லையா என்று சொல்வது களத்துக்காரரின் கை. குவியலுக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்து, சரி என்றால் நீல மையில் உள்ளங்கையைத் தோய்த்து மூட்டைமேல் ஒரு அடி அடிப்பார். அந்தக் கைத்தடம் பட்ட மூட்டையைக் கம்பெனியில் பிரித்துப் பார்ப்பதில்லை, அப்படியே அரவைக்குப் போய்விடும். பதினெட்டு வருஷத்தில் ஒரு மூட்டை திரும்பி வந்தது கிடையாது. ஈரம் பார்க்க முதலாளியம்மா மெஷின் வாங்கியபோதுகூட, "அதுக்கு மூக்கு இருக்காம்மா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவர் அவர்.

அந்தக் கைதான் நேற்று பொய் சொன்னது.

தோள்வலி. குவியலை அடியிலிருந்து புரட்ட வேண்டியவர் இரண்டு நாளாக மேலாகக் கிளறிவிட்டுப் படுத்துக்கொண்டார். முதலாளியம்மா வந்து நின்றார். சாக்குத் தைக்கும் பெண்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷினும் வந்திருந்தது. களத்துக்காரர் குவியலுக்குள் கையை விட்டார். மேலே சலசலவென்று நல்ல இலை. அதற்குக் கீழே வெதுவெதுப்பு. இன்னும் கீழே, யாரோ ஒருவரின் வாய்க்குள் விரலை விட்டது போல் வழவழப்பு. வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் வெள்ளையாக, சிலந்திக்கூடு போல ஒட்டியிருந்தது. கையை மூடிக்கொண்டார்.

"காஞ்சிடுச்சும்மா."

"அவர் கை சொல்லியாச்சு இல்ல, அந்த மெஷினைத் தூக்கி உள்ள வைங்க," என்றார் முதலாளியம்மா. பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அண்ணன் கையை வெட்டி ஒரு கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்," என்றாள். அவரும் சிரித்தார், முஷ்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. பிறகு கெட்டதையும் நல்லதையும் தன் கையாலேயே கலந்தார். நாற்பது மூட்டை. நாற்பது கைத்தடம்.

வீட்டில் அவர் மனைவிக்கு இழுப்பு. இந்தக் கம்பெனி மருந்துதான் குடிக்கிறாள். மூச்சு உள்ளே போகும்போது மெல்லிய விசில் ஒன்று கேட்கும், வெளியே வரும்போது உரசும். கல்யாணமான புதிதில் விசில்காரி என்று பேர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

"என்னங்க, வந்ததிலேர்ந்து கையைக் கழுவிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் நேற்று.

"இலைக் கசப்பு."

"பதினெட்டு வருஷமா ஒட்டாத கசப்பு இன்னைக்குத்தான் ஒட்டிச்சாக்கும்." சிரிக்கப் போய் விசில் வந்து அடங்கியது. "பாட்டில் தீரப்போகுது. அடுத்த மாசம் புதுசு வந்துடும் இல்ல? அதுவரைக்கும் ஓட்டிடுவேன்."

அந்தப் புது பாட்டிலில் எந்த இலை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வந்துடும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையைக் கழுவப் போனார்.

இப்போது மதியம் தாண்டி மழை சட்டென்று நின்றது. தகரத்தின் இரைச்சல் ஓய்ந்த அந்த இடைவெளியில்தான் சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தார். எலி ஓடும், நிற்கும், கொறிக்கும். இது சீராக வந்தது. உள்ளே. வெளியே. ஈரச் சாக்கின் வாடைக்கும் இலையின் கசப்புக்கும் அடியில், மூடிவைத்த அறையில் நாள்பட்ட நோயாளி படுத்திருப்பது போன்ற ஒரு புளித்த வாடை. கிட்டே போய் முதல் மூட்டையில் காதை வைத்தார். குழந்தை மூச்சு. சின்னது, வேகமானது, மூக்கடைத்தது. அடுத்ததில் ஒரு கிழவர், சளி கொரகொரக்க. அதற்கடுத்ததில் ஒரு பெண், பல்லைக் கடித்துக்கொண்டு.

வரிசையாகக் காதை வைத்துக்கொண்டே போனார். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. எல்லாம் ஆள். எல்லாம் யாரோ ஒரு வீட்டு ஆள்.

கடைசி மூட்டை. நாற்பதாவது.

மெல்லிய விசில். பிறகு உரசல்.

"என்ன மாமா, மூட்டைக்குக் காய்ச்சல் பாக்கிறீங்களா?" லாரி டிரைவர் வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். "மாத்திரை வேணும்னா வண்டியில இருக்கு."

"சத்தம் ஏதாவது கேக்குதா தம்பி?"

"என் வயித்துச் சத்தம்தான் கேக்குது. ஏத்தலாமா?"

சொல்ல வேண்டிய வார்த்தை அவர் நாக்கில் தயாராக இருந்தது. இந்த லோடை எடுக்காதே தம்பி. இவ்வளவுதான். வாயைத் திறந்தார். கொட்டகை முழுக்க மூச்சு நின்றது. நாற்பது மூட்டையும் அசையாமல், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தன. கண்ணாடிப் பெட்டி என்று சொன்ன பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. நாளைக்கு அவள் எப்படிப் பார்ப்பாள் என்பதும்.

"கயிறை இறுக்கிக் கட்டு," என்றார். "ரோடு மோசம்."

நாற்பதும் ஒன்றாக மூச்சை விட்டன. உஷ்ணமாக அவர் முகத்தில் பட்டது.

ஏற்றினார்கள். முப்பத்தொன்பது ஏறியதும் கடைசி மூட்டையின் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"இது இருக்கட்டும். கிழிஞ்சிருக்கு. தைச்சு அடுத்த லோடுல அனுப்புறேன்."

"கிழிசல் எங்க?"

"உள்பக்கம்."

"உள்பக்கக் கிழிசலை வெளியே நின்னு பாக்குற கண்ணு உங்களுக்குத்தான் மாமா!" சிரித்துக்கொண்டே போனான். லாரி திரும்பும்போது தார்ப்பாய் மெல்ல உப்பி, மெல்ல அமுங்கியது. காற்று இல்லை. வாசல் மரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. வளைவில் மறையும் வரை உப்பி அமுங்கிக்கொண்டே போனது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவைச் சாத்தினார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மூட்டையை மடியோரம் இழுத்து வைத்து உட்கார்ந்தார். விசில், உரசல். விசில், உரசல். தன் ஆளை மட்டும் காப்பாற்றிக்கொண்டவனுக்கு வருகிற ஆறுதல் வந்தது, கூடவே அந்த ஆறுதலின் அசிங்கமும். விடிந்ததும் இதை மட்டும் எரித்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

அப்போது விசிலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு மூச்சு கேட்டது.

சின்னது. வேகமானது. மூக்கடைத்தது.

அதற்குப் பின்னால் கொரகொரப்பு. பல்லைக் கடித்த பெண். இன்னும். இன்னும். முப்பத்தொன்பதும் போகவில்லை. எல்லாம் இந்த ஒரு சாக்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, இருக்கிற கொஞ்சக் காற்றுக்கு முண்டிக்கொண்டிருந்தன. சாக்கின் பக்கங்கள் விம்மின. தையல் நறநறத்தது.

குழந்தை மூச்சு நின்றது.

அவர் காத்திருந்தார். திரும்ப வரவில்லை.

கிழவருடையதும் நின்றது.

பிறகு ஒவ்வொன்றாக. யாரோ வீடு வீடாக விளக்கணைத்துக்கொண்டு போவது போல. விசில் மட்டும் மிஞ்சியது. முன்னைவிடச் சத்தமாக. தனியாக.

வெளியே தண்ணீரில் செருப்புச் சத்தம்.

"உள்ள யாரு?" முதலாளியம்மா. "யாருக்கோ இழுக்குற மாதிரி இருக்கே?"

அந்தம்மாவுக்கும் கேட்கிறது.

"நான்தாம்மா. தூசி."

"உங்க சம்சாரம் வந்திருக்காங்களா? விசில் மாதிரி கேக்குதே."

"இல்லம்மா. யாரும் இல்ல."

"கதவைத் திறங்க, பாக்குறேன்."

திறந்தால் கேட்பார். கேட்டால் பிரிப்பார். பிரித்தால் வெள்ளையைப் பார்ப்பார். களத்துக்காரர் சாக்கின் வாயை இரண்டு கையாலும் முறுக்கினார். நெஞ்சை அதன்மேல் வைத்து அமுக்கினார். விசில் மெலிந்தது. இன்னும் அமுக்கினார். நூலிழையாயிற்று. உள்ளிருந்து அவர் நெஞ்சில் ஏதோ தட்டியது. மெதுவாக, இரண்டு தரம். மூச்சு முட்டிப் பேச்சு வராதபோது அவரை எழுப்ப அவள் தட்டுகிற மாதிரியே.

"என்னய்யா பண்றீங்க, திறங்க!"

மறுபடியும் தட்டியது. ஒரே தரம்.

"இதோ வந்துட்டேம்மா," என்றார், இன்னும் கொஞ்சம் அமுக்கியபடி.