மெற்றில்டாவின் இயல்பு முகம்

பேழைக் கதவை மெற்றில்டா திறந்து மூடியாயிற்று. சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துப் போட்டாயிற்று. முகமானியின் கண்ணாடியை நைட்டிக் கையால் துடைத்தும் ஆயிற்று. அப்படியும் அடுபேழையின் நெற்றியில் 27 என்ற எண் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு தட்டில் அரிசியும் தண்ணீரும், இன்னொரு தட்டில் சாளை மீன் குழம்புக்குக் கூட்டிவைத்ததும் பச்சையாகவே கிடந்தன.

"என்னட்டி, இன்னும் ஆகலையா?" என்று கூடத்திலிருந்து கேட்டான் கிளாட்வின்.

"இருபத்தேழு காட்டுது. கொஞ்சம் வந்து நில்லுங்க."

கிளாட்வின் வந்து நின்றான். முகமானி அவன் முகத்தை ஒரு நொடி பார்த்தது. விளக்கு பச்சையானது, அடுபேழை உறுமத் தொடங்கியது. அவன் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான். மெற்றில்டாவின் புருஷனுக்கு அன்றைய சமையலில் அவ்வளவுதான் பங்கு. ஆனால் அடுபேழையைக் கேட்டால் சமைத்தது அவன்தான் என்று சொல்லும்.

எரிவாயு உருளைகள் ஒழிந்து, தூத்துக்குடியின் அடுக்கு வீடுகளில் சோறு, குழம்பு, இட்லி எல்லாமே அடுபேழைக்குள் போய்விட்ட காலம் அது. ஆட்கள் தூங்கி வழிந்துகொண்டே சமைத்ததில் சில மாடிகள் எரிந்தன. அதனால் ஒவ்வொரு பேழைக்கும் ஒரு முகமானி பொருத்தச் சொல்லிச் சட்டம் வந்தது. கண்ணிமை எவ்வளவு தொங்குகிறது, தோள் எவ்வளவு சரிந்திருக்கிறது, பொத்தானைத் தொடுகிற விரல் எவ்வளவு தயங்குகிறது என்று அது பார்க்கும். சரியில்லை என்றால் 27. 'இயக்குபவர் களைத்திருக்கிறார். ஓய்வெடுத்துவிட்டு வரவும்.' இத்தனை நாள் மஞ்சள் விளக்கு காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வாரத்திலிருந்து பூட்டியே விடுகிறது. சட்டம் போட்டவர்கள் நல்லவர்கள்தான். பூட்டினால் களைத்தவர்கள் போய்ப் படுப்பார்கள் என்று நம்பினார்கள். அவர்கள் வீடுகளில் யார் சமைத்தார்களோ தெரியவில்லை.

மெற்றில்டாவுக்குத் துறைமுகத்தில் வேலை. துறைமுகத்துக்குப் போக வேண்டியதில்லை. படுக்கையறை மூலையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, விடியுமுன்னே தொடங்கி, ஒரு பளுதூக்கியை இயக்கிக் கப்பல் பெட்டிகளை இறக்குவாள். நாற்பது டன் பெட்டியை ஆட்களின் தலைக்கு மேலே தொங்கவிடுகிற அந்தப் பளுதூக்கி ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அதற்கு முகமானி வைக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. வேலை முடிந்ததும் மாமனாரைக் கவனிக்க வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிற அவருக்கு நேரத்துக்கு நேரம் குழைவாக ஏதாவது சமைத்துக் கொடுக்க வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கிளாட்வினுக்கு உப்பளங்களின் மேலே பறக்கிற கண்காணிப்பு விமானங்கள் பத்திரமாக இறங்கினவா என்று பார்க்கிற வேலை. அது மதியத்தோடு முடிந்துவிடும். பிறகு ஒரு தூக்கம் போடுவான்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கஞ்சிக்கு ஒரு தடவை, காப்பிக்கு ஒரு தடவை என்று அவனை எழுப்பி எழுப்பி முகமானிக்கு முன்னால் நிறுத்தினாள். வாரக் கடைசியில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"மனுஷன் ஒரு கண்ணு அசர முடியல. இது பேழையோட கோளாறாத்தான் இருக்கும். ஆளக் கூப்பிடு."

பழுது பார்க்கிற பெண் வந்தாள். இசக்கியம்மாள் என்று பெயர். அன்றைக்கு எத்தனையாவது வீடோ, தோள்பையை இறக்கி வைக்கும்போதே பெருமூச்சு விட்டாள். அடுபேழையின் பக்கவாட்டில் கம்பியைச் செருகி, அதன் நினைவகத்தைத் தன் கைத்திரையில் இறக்கிப் பார்த்தாள்.

"பேழையில ஒண்ணும் கோளாறு இல்லக்கா. முத முதல்ல இத இயக்குனது யாரு?"

"நான்தான். என்னத்துக்கு?" என்றான் கிளாட்வின்.

புதுப் பேழை வந்த அன்றைக்குப் பங்குச் சாமியாரை அழைத்து, செபம் சொல்லி மந்திரிக்க வைத்திருந்தார்கள். பொத்தானை வீட்டு ஆண்பிள்ளைதான் முதலில் தொட வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். கார் வாங்கினாலும் மிக்சி வாங்கினாலும் அந்த வீட்டில் அப்படித்தான். மதியத் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்து, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து கிளாட்வின் பொத்தானைத் தொட்டான். எல்லாரும் கை தட்டினார்கள்.

"முத நாள் எந்த முகத்தப் பாக்குதோ, அதத்தான் இந்த வீட்டோட இயல்பு முகம்னு இது வச்சுக்கிடும் அண்ணாச்சி. மத்தவங்க முகத்த அதோட ஒப்பிட்டுத்தான் சரி, தப்பு சொல்லும். அக்கா முகத்த உங்க முகத்தோட ஒப்பிட்டா இருபத்தேழு வராம என்ன செய்யும்?"

"அப்ப அவ முகத்த மாத்திப் பதிஞ்சிரு."

"பதியலாம். ஒரு தடவ பதிஞ்சா ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது. அக்கா, நீங்க நல்லாத் தூங்கி எந்திச்சு, தெளிவா எப்ப இருப்பீங்கன்னு சொல்லுங்க. அந்த நேரம் பாத்து வாரேன்."

மெற்றில்டா யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்று சொல்லலாமா என்றால், பூசைக்குப் போகுமுன் மாமனாரைக் குளிப்பாட்ட வேண்டும். பளுதூக்கிக்கு விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் வாரத் துணியெல்லாம் துவைப்பது. வேறு எந்த நேரமும் அவளுக்குத் தோன்றவில்லை.

"எதுக்கு இன்னொரு நாளு? இப்பவே எடு. இதானே அவ எப்பவும் இருக்குற முகம்," என்றான் கிளாட்வின். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் பார்த்ததைச் சொன்னான்.

"அண்ணாச்சி, இப்படி எடுத்தா இதுதான் இயல்புன்னு ஆயிரும்."

"எடும்மா, பரவால்ல. எனக்கு அடுப்புல காரியம் கிடக்கு," என்றாள் மெற்றில்டா. வாதாடுவதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

இசக்கியம்மாள் எடுத்தாள். விளக்கு பச்சையானது. 'வணக்கம், மெற்றில்டா' என்று எழுத்து வந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் 27 வரவேயில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு களைத்துப்போய் வந்து நின்றாலும் பேழை திறந்தது. கிளாட்வின் நிம்மதியாகத் தூங்கினான்.

மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்து துறைமுகத்தை மூடினார்கள். அதற்கு முன்னாலேயே மாமனாரை நாகர்கோவில் மகள் வந்து கொஞ்ச நாளைக்கு அழைத்துப் போயிருந்தாள். மெற்றில்டா படுத்தாள். எழுந்து, பேக்கரி ரொட்டியைத் தின்றுவிட்டு மறுபடியும் படுத்தாள். இரண்டாம் நாள் காலையில் கண் விழித்தபோது உடம்பு வலிக்கவில்லை. கண்ணாடியில் முகம் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

மக்ரூன் செய்து தின்ன வேண்டும் என்று ஆசை வந்தது. யாரும் கேட்கவில்லை, எந்தப் பண்டிகையும் இல்லை. தனக்கே தனக்காக. முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு அடித்து அடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத நுரையாக்கி, பொடித்த முந்திரியைப் பதமாகக் கலந்தாள். காகிதக் கூம்பில் போட்டுத் தட்டு நிறைய முனை முனையாகப் பிழிந்துவைத்தாள். நுரை அமுங்குவதற்குள் சூட்டில் வைத்துவிட வேண்டும். பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடியே பொத்தானைத் தொட்டாள்.

31. சிவப்பு.

கதவைத் திறந்து மூடினாள். சுவிட்சை அணைத்துப் போட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். 31 போகவில்லை. 'இயக்குபவர் இயல்பு நிலையில் இல்லை' என்று கீழே எழுத்து ஓடியது. குடித்துவிட்டு வருகிறவர்களுக்கும் காய்ச்சலில் பிதற்றுகிறவர்களுக்கும் வைத்திருந்த எண் அது. கிளாட்வினைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அவனுக்கும் 31.

"எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்?"

இசக்கியம்மாளைத் திரையில் அழைத்தாள் மெற்றில்டா. அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

"அக்கா, தூங்குனீங்களா?"

"ஆமா."

"அதாங்க்கா. அது வச்சிருக்கிற முகத்துக்கும் இதுக்கும் பொருந்தல."

"இப்ப நான் என்ன செய்ய?"

இசக்கியம்மாள் வழி சொன்னாள். "ஏதாவது வேல பாருங்க. தரையத் துடைங்க, பாத்திரம் தேயுங்க. உடம்பு அசந்ததும் வந்து நில்லுங்க, திறந்திரும். முகம் மாத்துன வீட்டுக்கெல்லாம் இதத்தான் சொல்லுதோம். இனிமே வார பேழையில இந்த மாதிரி அசந்த முகத்தயெல்லாம் சராசரி எடுத்து, கம்பெனியிலேயே பதிஞ்சு அனுப்பப் போறாவளாம். அப்ப இந்தத் தொந்தரவு இருக்காதுக்கா."

கிளாட்வின் நல்ல மனசோடு துடைப்பத்தை வாங்கிக் கூடத்தைப் பெருக்கினான். வியர்வையோடு வந்து நின்றான். 31. மெற்றில்டாவின் களைப்பு ஒரு கூடத்தைப் பெருக்கி வருகிற களைப்பு இல்லை. அவன் கையை விரித்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

அவள் தரையைத் துடைத்தாள். மாமனாரின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். குளியலறையைத் தேய்த்தாள். நடுநடுவே போய் நின்று பார்த்தாள். இடுப்பில் அந்தப் பழைய வலி பிடித்து, கண் எரியத் தொடங்கிய பிறகுதான் விளக்கு பச்சையானது. 'வணக்கம், மெற்றில்டா.'

தட்டில் மக்ரூன் தண்ணீர் விட்டுப் படர்ந்து கிடந்தது. அவளுக்கும் அதைத் தின்கிற ஆசை போய்விட்டது. வழித்துக் குப்பையில் போட்டாள்.

"பச்சை வந்திட்டா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டான் கிளாட்வின். "நல்லதாப் போச்சு. சோத்த வை. நாளைக்கு அப்பா வேற வாரதாச் சொன்னாவ. அதுவரைக்கும் தூங்கிராம இப்படியே இருந்துக்கோ, என்ன?"

அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பாத்திரத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஆத்திரத்தோடு நின்றால் முகம் மாறி மறுபடியும் 31 வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டு, அரிசித் தட்டை உள்ளே வைத்தாள்.