சிவப்பு ஓடிப்போன ஆரத்தி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க, செல்லங்களா. ஓரத்தில் இருக்கிறவங்களும் வாங்க. ஒரு தட்டுத் தண்ணீர் ஒரு கல்யாண வீட்டையே கதிகலங்க வைத்த கதை சொல்கிறேன்.

செங்கல்பட்டில் சஹானா என்று ஒரு பெண். ஆறாம் வகுப்பு. அன்றைக்கு அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவளுக்கு வேண்டியது பினாப்தலீன் என்ற மருந்து. சோப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் நிறம் வரும்; எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த நிறம் போய்விடும்.

கடைக்காரர் ராஜாராம் கையை விரித்துவிட்டார். "முழு பாட்டில்தான் பாப்பா. இன்னா விலை தெரியுமா? அப்பாவைக் கூட்டிகினு வா."

விலையைக் கேட்ட அப்பா, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மருந்து இல்லாவிட்டால் கண்காட்சியில் அவளுக்கு ஒதுக்கிய மேசை, கூடப் படிக்கும் அபிஷேக்குக்கு என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவனோ, "என் எரிமலைக்கு ரெண்டு மேசை வேணும்" என்று இப்போதே சொல்லித் திரிந்தான்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் காசியம்மாள் கூவினார்.

"ஏ சஹானா! பொண்ணு மாப்பிள்ளை கார் வந்துகினு கீது. ஆரத்தி கரைக்க ஆள் இல்ல, ஓடியா!"

'எனக்கே தலைக்கு மேல வேலை' என்று நினைத்தாள் சஹானா. ஆனாலும் காசியம்மாளின் பதற்றத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஓடினாள். மஞ்சள் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்தாள். தட்டு செக்கச்செவேல் என்று ஆனது.

"மருமவளுக்குக் கண்ணு கிண்ணு பட்டுடப் போவுது" என்று காசியம்மாள் ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்து அதிலேயே பிழிந்தார். 'போதாது' என்று இன்னொன்றும் பிழிந்தார்.

சிவப்பு ஓடிப்போய்விட்டது! தட்டில் வெறும் மஞ்சள்.

"ஐயோ! இன்னாடி இது, கெட்ட சகுனம்!"

கூடி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதற்குள் கார் வந்து நின்றது. மாமல்லபுரத்து மணப்பெண், இறங்கலாமா வேண்டாமா என்று விழித்தாள். கண் கலங்கிவிட்டது.

சஹானா தட்டையே பார்த்தாள். எலுமிச்சை விட்டதும் நிறம் போகிறது... அட!

"அத்தை, சகுனமெல்லாம் இல்ல. புளிப்பு பட்டுது, சிவப்பு போச்சு. அந்தச் சுண்ணாம்பு டப்பாவைக் கொடுங்க!"

இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. ஒரு கலக்கு. சிவப்பு சமர்த்தாகத் திரும்பி வந்தது.

"அடியே, மந்திரம் கத்துகினியா?"

"இல்ல அத்தை, இந்த மஞ்சள்தான் இனிமே என் பினாப்தலீன்!"

"அது யாருடி? பத்திரிகை வெச்சோமா?"

மணப்பெண் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

மறுநாள் சஹானாவின் மேசையில் ஒரு கிண்ணம் மஞ்சள் தண்ணீர், சோப்பு, சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம். அபிஷேக்கின் எரிமலை ஒற்றை மேசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. பார்க்க வந்த கூட்டத்தில் முதல் ஆள் யார் தெரியுமா? அந்த மணப்பெண்தான்.

"இந்தத் தடவை நான் பிழியட்டுமா?" என்று கை நீட்டினாள்.

உங்க வீட்டு வாசலுக்கு வருகிறவர்களும் அவளைப் போலச் சிரித்துக்கொண்டே உள்ளே வரட்டும், கண்ணுகளா.