நேரத்தே பிடிங்க, மாமா!

பிச்சைக்கனி மாமா சைக்கிள் ஓட்டும் அழகே அழகு! திருநெல்வேலியிலிருந்து மலையாள ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகிறது. அக்கா, அதாவது ஷிஜாவின் அம்மா, டீக்கடைக்குச் சமைக்கும் சாம்பாரைக் கேரியரில் கட்டிக்கொண்டு, தம்பானூர் இறக்கத்தில் ஜம்மென்று போவார்.

ஒரே ஒரு குறை. கீழே டீக்கடை வந்ததும் சடக்கென்று பிரேக் பிடிப்பார். சைக்கிள் நிற்கும். சாம்பார் நிற்காது. மூடியைத் தள்ளிக்கொண்டு அவர் முதுகில் பாயும்.

"எக்கா, நாளைக்கும் சிந்திச்சுன்னா நான் ஊருக்கே பஸ் ஏறிருதேன்," என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே, சட்டையில் ஒட்டிய முருங்கைக்காயை எடுத்தார் மாமா.

ஷிஜாவுக்குப் பக்கென்றது. மாமா இல்லாத வீடு வெறிச்சென்று ஆகிவிடுமே!

"நான் நேத்தே சொன்னேன்லா மாமா? நேரத்தே பிரேக் பிடிக்கணும்."

"நேரத்துக்குத்தானே பிடிக்கேன்! கடை வாசல்ல டாண்ணு நிக்குதா இல்லையா?"

ஷிஜா விழுந்து விழுந்து சிரித்தாள். மலையாளம் கலந்து பேசும் அவளுக்கு, நேரத்தே என்றால் முன்னாடியே. மாமாவுக்கோ சரியான நேரத்தில்!

"முன்னாடியே மாமா! மெல்லப் பிடிச்சு, விடாம, ஒரே மாதிரி."

"எவ்வளவு முன்னாடி?"

அதுதான் தெரியவில்லை. சாயங்காலம் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இருவரும் இறக்கத்துக்குப் போனார்கள். அங்கே எல்லா வீட்டு மதிலும் ஒரே நீளம்.

மாமா மெதுவாக வந்து, ஷிஜா கைகாட்டிய இடத்தில் இதமாகப் பிரேக் பிடித்தார். ஒரு மதில் நீளம் தாண்டி சைக்கிள் நின்றது. தண்ணீர் சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"வழக்கமா இதுல ரெண்டு மடங்கு வேகம் வருவேன். அப்ப ரெண்டு மதில் போதும்லா?"

ஷிஜாவும் அப்படித்தான் நினைத்தாள். மாமா வேகமாக வந்து, அதே இடத்தில், அதே இதமாகப் பிடித்தார். இரண்டு மதிலும் போயிற்று, மூன்றும் போயிற்று. நாலாவது முடிவில்தான் சைக்கிள் நின்றது!

ஷிஜா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். முகம் மலர்ந்தது.

"ரெண்டு மடங்கு வேகம்னா, நிக்க ரெண்டு மடங்கு நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ரெண்டு மடங்கு வேகமா ஓடவும் செய்யும். ரெண்டைப் பெருக்குனா நாலு, மாமா!"

"எம்மாடி, என்ன மூளைட்டி உனக்கு!" மாமா அசந்துபோனார்.

டீக்கடைக்கு நாலு மதில் முன்னால், எஸ்.டி.டி. பூத் எதிரே, ஷிஜா சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டாள்.

மறுநாள் காலை, வட்டம் வந்ததும் மாமா பிரேக் பிடித்தார். சைக்கிள் மெல்ல மெல்லத் தணிந்து கடை வாசலில் நின்றது. கடைக்காரர் ராஜமணி மூடியைத் திறந்து பார்த்தார்.

"அம்மோ! சாம்பார் முழுவன் உண்டல்லோ!" சாம்பார் முழுசாக அப்படியே இருந்தது.

அன்று மாமாவின் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே வீடு திரும்பியது.

"ஊருக்குப் பஸ் ஏற, நாளைக்கு நேரத்தே எழுப்பணுமா மாமா?" என்று கண்ணைச் சிமிட்டினாள் ஷிஜா.

"எழுப்புட்டி. ஆனா பஸ்ஸுக்கு இல்ல, சாம்பாருக்கு!"