வடக்குச் சரிவில் ஒரு சேஜ் செடி

துப்பறிவாளரின் அறைக்கு வந்த தாவர ஆராய்ச்சிக்காரி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொல்லிக் கொட்டினாள். ஆற்றுக்குத் தெற்கே, சுண்ணாம்புப் பாறைகளில் மட்டும் தானாக வளரும் நீலப்பூ சேஜ் என்ற மூலிகைச் செடி ஒன்றை ஆற்றுக்கு இந்தப் பக்கம், மலையின் வடக்குச் சரிவில் கண்டுபிடித்திருந்தாள். செடியின் எல்லையையே மாற்றி வரையவேண்டிய செய்தி. ஆனால் அவளே நட்டுவிட்டுக் கதை கட்டுகிறாள் என்று யாரோ ஆராய்ச்சி நிலைய இயக்குநரின் காதில் போட்டுவிட்டார்கள். உண்மை வெளிவராவிட்டால் வேலை போய்விடும்.

"பக்கத்து மேசைக்காரன்தான் நட்டிருப்பான். என்னை மாட்டிவிடணும்னு" என்றாள்.

துப்பறிவாளரின் மச்சினனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. மேசைக்காரனை ஒரு கை பார்த்துவிடலாம் என்று அப்போதே கிளம்பினான். அத்தான்தான் அவனை இழுத்துப் பிடித்து முதலில் மலைக்கு அழைத்துப்போனார்.

அவசரம் காலடித் தடம் தேடிப் புதர்புதராக நுழைந்தான். துப்பறிவாளர் செடியின் அடியை மட்டும் பார்த்தார். பல ஆண்டு வாழும் செடி அது. சென்ற ஆண்டு பூத்துக் காய்ந்த தண்டுகள் எல்லாம் விரலளவு விட்டு, ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருந்தன.

அடுத்து, மேசைக்காரன் அதே சேஜ் வளர்க்கும் தொட்டிகளைப் பார்த்தார்கள். அவற்றில் காய்ந்த தண்டுகள் தலைவிரிகோலமாக நின்றன. விதை தானாக உதிரட்டும் என்று தொடுவதே இல்லையாம். ஆளின் முழியே சரியில்லை என்று அவசரம் முணுமுணுத்தான்.

மாலையில் நிலையத் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் எல்லோரும் கூடினார்கள். அந்தத் தோட்டத்தைப் பராமரிப்பவள் ஆராய்ச்சிக்காரியின் அக்கா. பேச்சைக் கேட்டபடியே கைக்கெட்டிய காய்ந்த காம்புகளை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மலையில வளர்ற செடிக்கு யாரு முடி வெட்டி விடுவா?" என்றார் துப்பறிவாளர். "தோட்டத்துல இருந்து வந்த செடி அது. இவரு தொட்டியில ஒரு தண்டுகூட வெட்டலை. இங்க வெட்டாத செடியே இல்லை."

அக்காவின் கையில் கத்தரி நின்றது. அவசரத்துக்கு மேசைக்காரனை ஏறிட்டுப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"ரொம்ப முன்னாடி இவளுக்கு முதல் அபூர்வச் செடி கிடைச்சப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டா" என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் மலை மலையா ஏறி வெறுங்கையோடதான் வர்றா. பாக்க முடியலை, இதை நட்டுட்டேன். இவ மேல பழி வரும்னு நெனைக்கலை."

வேலைக்கு ஆபத்தில்லை என்றார் இயக்குநர். ஆராய்ச்சிக்காரி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அந்த முதல் செடியாலதானே எனக்கு இந்த வேலையே கிடைச்சது" என்றாள் மெதுவாக. "அதுவும் நீ நட்டதாக்கா?"

அக்கா கத்தரியை எடுத்து, இன்னும் காயாத ஒரு தண்டை நறுக்கினாள்.